நன்றி சொன்ன சனிக்கிழமை

சனிக்கிழமை சாயங்காலம், வாழ்க்கையில் முதல்முறையாக, என் ஆட்களுக்கு நன்றி சொன்னேன். திங்கட்கிழமை காலையில் ஒருத்திகூட வேலைக்கு வரவில்லை.

இப்போது இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷட்டரைத் தூக்கிவிட்டு, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கீரைக்காரரின் சைக்கிள் போனது. பள்ளிக்கூட வேன் போனது. மில்லுக்கு ஆள் ஏற்றிப்போகிற பஸ்ஸும் போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வருகிறவளுமா பஸ்ஸைத் தவறவிடுவாள்?

எங்கள் செட் ராஜபாளையத்தில், ஊர் முடிந்து மலை நன்றாகத் தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றுகிற வெள்ளைத் துணிதான் எங்கள் பிழைப்பு. நெய்து வெளுத்த துணி எங்களிடம் வரும். அதை அளவுக்கு வெட்டி, மெஷினில் ரோலாகச் சுற்றி, கவரில் போட்டு அனுப்புவோம். ஆர்டர் பிடிப்பது, சரக்கு அனுப்புவது எல்லாம் என் வீட்டுக்காரர் பாடு. செட்டுக்குள் நடப்பது என் பாடு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி. ரோலைக் கோணலாகச் சுற்றியிருந்தால், அதை அவிழ்த்து, சுற்றியவளின் கழுத்திலேயே மாலையாகப் போட்டுவிடுவேன். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நான் அந்தப் பக்கம் திரும்பியதும் என்னை மாதிரியே பேசிக் காட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

செட்டுக்குள் கை கழுவுகிற இடத்தில் ஒரு கண்ணாடி தொங்குகிறது. அதன் ஓரமெல்லாம் ஸ்டிக்கர் பொட்டாக இருக்கும். வேர்வையில் விழுந்துவிடும் என்று வேலை நேரத்தில் எடுத்து அங்கே ஒட்டி வைப்பார்கள். பக்கத்தில் ஆணிகளில் பழைய ஆம்பளைச் சட்டைகள் தொங்கும். பஞ்சு சேலையில் ஒட்டாமலிருக்க மேலே போட்டுக்கொள்வதற்காக, வீட்டிலிருந்து புருஷனுடைய சட்டையைக் கொண்டுவந்து மாட்டியிருப்பார்கள். அன்றைக்குக் கண்ணாடியில் ஒரு பொட்டுகூட இல்லை. ஆணிகளில் ஒரு சட்டைகூட இல்லை. வராமல் இருந்தது தற்செயல் இல்லை. எல்லாரும் சொல்லி வைத்து, சாமானை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போன் போட்டேன். "ஒருத்தியும் வரலைங்க" என்றேன்.

"ம்" என்றார் என் வீட்டுக்காரர். அப்புறம், "வராட்டா விடு" என்றார்.

அந்த வாரக் கடைசிக்குள் மதுரைக்குச் சரக்கு போயாக வேண்டும். இந்த மனுஷன் என்னடாவென்றால் வராட்டா விடு என்கிறார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். எங்கள் செட்டில் மெஷின் ஓட்டுகிற மூத்தவளுக்குப் போட்டேன். அடித்து அடித்து நின்றது. திரும்பப் போட்டால் சுவிட்ச் ஆஃப்.

அப்படி நான் என்ன செய்துவிட்டேன்? இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது என் மகள்.

அவள் கனடாவில் இருக்கிறாள். மருமகன் சென்னையில் பிறந்து, விவரம் தெரியும் முன்னாலேயே வெளிநாட்டுக்குப் போய் வளர்ந்தவர். தங்கமான பிள்ளை. போன லீவுக்கு வந்திருந்தபோது இலையில் ரசம் ஊற்றினேன். "தேங்க்ஸ் அத்தை" என்றார். அப்பளம் வைத்தேன். அதற்கும் தேங்க்ஸ். மோருக்கும் தேங்க்ஸ். நான் என்ன ஓட்டலா நடத்துகிறேன்? கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுகிற மாதிரி போட்டால், வழியில் போகிறவளை நிறுத்தி வைத்து மரியாதை செய்கிற மாதிரி இருந்தது எனக்கு. மகளிடம் தனியாகச் சொன்னேன். அவள் சண்டைக்கு வந்துவிட்டாள். "அங்க பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கே தேங்க்ஸ் சொல்லிட்டுத்தாம்மா இறங்குவோம்" என்றாள். டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிற பஸ்ஸுக்கு எதற்கு நன்றி என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்காக எங்கள் பக்கத்து ஆட்கள் நன்றி கெட்டவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, இந்த மெஷின் ஓட்டுகிறவள்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி, தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். என் நாத்தனார்கூட வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டுப் போன சமயம் அது. முதல் வாய் குடித்துவிட்டு நான் அவளிடம் சொன்னது, "ஏட்டி, உப்பு பத்தல." மறுநாள் உப்புப் பொட்டலத்தைத் தனியாகக் கொண்டுவந்து, "இந்தாங்க, அம்புட்டையும் கொட்டிக்கோங்க" என்று தலைமாட்டில் வைத்தாள். இரண்டு பேரும் சிரித்ததில் தையல் பிரிந்துவிடுமோ என்று நர்ஸ் வந்து சத்தம் போட்டார். பொறவு அவள் மகளுக்குச் சடங்கு வைத்தபோது, தாய்மாமன் வீட்டாருக்கு அடுத்தபடியாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தவள் நான்தான். இதற்குள்ளே நன்றி எந்த இடத்தில் வரும்? அவளும் எதிர்பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வாரம் மகள் போனில் வந்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "அம்மா, உன் ஆளுங்களுக்கு ஒருநாளாவது நன்றி சொல்லியிருக்கியா? இத்தனை வருஷமா உனக்காக உழைச்சிருக்காங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லும்மா. இப்பவாவது சொல்லு" என்றாள். அவள் குரல் கம்மியது. அதைக் கேட்டு எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இப்பவாவது என்று ஏன் சொல்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சொல்லேன், நல்லதுதானே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பால்கோவாவும் அவரே வாங்கிவந்து கொடுத்தார்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் எல்லாரையும் நிற்க வைத்தேன். ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பால்கோவா பாக்கெட்டைக் கையில் கொடுத்து, மேடைத் தமிழில் பேசினேன். "இவ்வளவு காலம் நீங்க எல்லாரும் கொடுத்த ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றி" என்று சொல்லிக் கைகூப்பினேன். இருப்பதிலேயே சின்னவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். மூத்தவள், மெஷின் ஓட்டுகிறவள், என்னை வெறிக்கப் பார்த்தாள். "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்றாள். "ஒண்ணுமில்லட்டி, சொல்லணும்னு தோணுச்சு" என்றேன். தலையை ஆட்டிவிட்டு மெஷினை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தைக்கே இப்படி உருகிப் போகிறார்களே, இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்துவிட்டோமே என்று அன்றைக்கு எனக்கு ஒரே பூரிப்பு. மகளுக்குப் போன் போட்டு, "அழுதேவிட்டாளுக" என்று பெருமையாகச் சொன்னேன். அவளும் அந்தப் பக்கம் அழுதாள்.

திங்கட்கிழமை செட்டைப் பூட்டிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் கோபம்தான் வந்தது. இனிப்பும் கொடுத்து, கையும் கூப்பி, அதற்கு இதுவா பதில்? வேறு யூனிட்காரன் எவனோ கூடக் கொடுக்கிறேன் என்று மொத்தமாக இழுத்துக்கொண்டானா? கேட்கவேண்டிய கேள்விகளை எல்லாம் வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டு போனேன்.

அவள் வீடு தேர் ஓடுகிற வீதிக்குப் பின்னால் இருக்கிறது. வாசலில் செருப்பாகக் கிடந்தது. உள்ளே போனால் என் ஆட்களில் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சின்னவள் டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள்.

"வாங்கக்கா" என்றாள் மூத்தவள். நல்ல சேலை கட்டியிருந்தாள், எங்கேயோ போய்விட்டு வந்தவள் மாதிரி. "தளவாய்புரத்துக்குப் போயிருந்தோம். அங்க நைட்டி தைக்கிற இடத்துல ஆள் எடுக்காகன்னு சொன்னாக. நாளைக்கு வரச் சொல்லிருக்காக."

"நைட்டி தைக்கப் போறியா? யாரக் கேட்டுப் போன?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவள் கோபப்படவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "நீங்கதான சொன்னீய?" என்றாள்.

"நான் என்னட்டி சொன்னேன்?"

"நன்றி சொன்னீயளே. கையெடுத்துக் கும்பிட்டு, இனிப்பும் குடுத்து."

"அதுக்கு?"

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். இவளுக்கு இதைக்கூட விளக்க வேண்டுமா என்கிற பார்வை. "யக்கா, எங்க வீட்டுக்காரரு மில்லுல இருந்தாரே, அங்க மொதலாளி, எங்க பாத்து வணக்கம் வச்சாலும் திரும்ப வைக்க மாட்டாரு. ஒருநாள் கேட்டுக்கிட்ட நின்னு, போற வாற ஆளுக்கெல்லாம் கையக் கூப்பி, ரொம்ப நன்றி, ரொம்ப நன்றின்னு சொன்னாரு. லட்டு குடுத்தாக. இவரு வீட்டுக்கு வந்து, மொதலாளி தங்கமான மனுசன்னு பெருமையாச் சொல்லிட்டு லட்ட பிள்ளைகளுக்குப் பிச்சுக் குடுத்தாரு. மறுநா போனா கேட்டுல பூட்டு. இனி நன்றின்னு எவன் சொன்னாலும் அன்னைக்கே வேற வேலையத் தேடிரணும்னு அவிய எப்பவும் சொல்லுவாக." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க ஒரு நாளு நல்ல வார்த்த சொன்னதில்லையேக்கா. சொல்லுதீயன்னா முடிஞ்சு போச்சுன்னுதான அர்த்தம்? மூடப்போறீய, வாய்விட்டுச் சொல்லச் சங்கடப்படுதீயன்னு நெனச்சோம். அதான் உங்களுக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னு நாங்களே சாமான எடுத்துட்டு வந்துட்டோம்."

பொட்டுகளை உரித்து எடுத்தது எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்றா? சனிக்கிழமை அழுத அழுகை உருகியதில்லை, பிழைப்புப் போனதற்கான அழுகையா? நான் அதைப் பார்த்துப் பூரித்துப்போய் மகளுக்குப் போன் போட்டிருக்கிறேன்!

"ஏட்டி, கூறுகெட்ட கழுதைகளா!" என்று கத்தினேன். அதற்கப்புறம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. மெஷினை யார் ஓட்டுவார், என் மாமியாரா, சரக்கு தானாகவா மதுரைக்கு நடந்து போகும், நாலு காசு வாங்குவதற்குள் நாக்குத் தள்ளுகிற அந்த நைட்டிக் கம்பெனிதான் உங்களுக்குச் சொர்க்கமா என்று தெருவே கேட்கும்படி பேசினேன். நான் பேசப் பேச அவர்கள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. சின்னவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மூத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப மூடலையா?"

"மூடல."

"வெளிய வாங்க" என்று என்னை வாசலுக்குக் கூட்டிவந்தாள். ஓட்டு வீடுகளுக்கு மேலே ஆண்டாள் கோயில் கோபுரம் முழுசாகத் தெரிந்தது. "கோபுரத்தப் பாத்துச் சொல்லுங்க."

நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. அந்தக் கோபுரத்தைப் பார்த்துப் பொய் சொல்கிற தைரியம் எனக்கு எந்த வயதிலும் வந்ததில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அன்றைக்கு இல்லை. "ஆண்டாள் அறிய, செட்டை மூடல. மூடவும் மாட்டேன்" என்றேன்.

அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள். உள்ளே இழுத்துக்கொண்டு போய் இட்லி வைத்தாள். சட்னி உறைப்பு என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். "உறைச்சாத் தண்ணியக் குடிங்க" என்றாள். பழைய மாதிரி ஆகிவிட்டோம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் யோசிக்க யோசிக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கோயில் கொடை மேடையில் நன்றியுரை என்று ஒருவர் மைக்கைப் பிடித்தால் ஜனங்கள் செருப்பைத் தேட ஆரம்பிக்கிறார்கள். டி.வி.யில் நன்றி வணக்கம் என்றால் செய்தி முடிந்தது. இழவு வீட்டில்கூட எல்லாக் காரியமும் முடிந்த பிறகுதான் வந்தவர்களுக்கு நன்றி என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். என் காதிலும் இதெல்லாம் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. என் மகள் ஊரில் நன்றி சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். இங்கே சொல்லி முடிக்கிறோம். இதை வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று வேகமாக வீட்டுக்கு வந்தேன்.

அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் நடித்துக் காட்டிச் சொன்னேன். சின்னவள் டம்ளரைப் போட்டதை, மூத்தவள் நைட்டி தைக்கப் போனதை, கோபுரத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சோற்றில் கை அப்படியே நின்றது.

"சத்தியமா பண்ணுன?" என்றார்.

"பண்ணுனேன். ஏன்?"

எழுந்து போய்க் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து நின்றுகொண்டே, "அவளுக நெனச்சது சரிதான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது காது அடைத்துவிட்டது. செட்டைத் தளவாய்புரத்துக்காரர் ஒருவருக்கு, நைட்டி சரக்கு அடுக்கி வைக்கிற குடோனாக விட்டுவிடுவதென்று பேசி முடித்திருக்கிறார். நாளைக்குக் காலையில் அவர் அளந்து பார்க்க வருகிறார். முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் மகளோடு போய் இருந்துகொள்வது. மகளுக்கு எல்லாம் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒன் வாய்க்குப் பயந்துதான்" என்றார். "இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பாத்தேன். எனக்கு முடியலம்மா. ஆர்டருக்கு ஒவ்வொருத்தன் வாசல்லயும் போய் நிக்க எனக்கு இனிமே முடியாது."

மகளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "அப்பா ஒன்கிட்ட சொல்லவே இல்லையா?" என்று அவள் அலறியதில், அவளும் ஏமாந்திருக்கிறாள் என்று தெரிந்தது. அப்பா சொல்லியிருப்பார், அம்மா மனசைத் தேற்றிக்கொண்டாள் என்று நினைத்திருக்கிறாள். "அதனாலதாம்மா கடைசியா ஒரு தடவை நன்றி சொல்லச் சொன்னேன். சும்மா அனுப்பக் கூடாதுல்ல" என்று அழுதாள்.

ஆக, என் ஆட்களுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பியது நான்தான். என் வாயாலேயே, என் கையாலேயே, இனிப்போடு. அது எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. கேட்டவர்களுக்குச் சரியாக விளங்கியிருக்கிறது. அதைப் பொய்யென்று கோபுரத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்துவிட்டு, அவர்கள் வீட்டு இட்லியையும் தின்றுவிட்டு வந்திருக்கிறேன். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன், வீட்டில் ஒரு குக்கர் வாங்கினால்கூட என்னைக் கேட்டுத்தான் வாங்குவார். எனக்குக் கத்தக்கூட வரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும், கதவோரம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"நான் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

"நான் வாக்குக் குடுத்துட்டேனே" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாரும் வந்தார்கள். சட்டைகள் ஆணிக்குத் திரும்பின. கண்ணாடி ஓரத்தில் பொட்டுகளை ஒட்டினார்கள். மூத்தவள் மெஷினைப் போட்டுவிட்டு, "அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலையேக்கா?" என்று கேட்டாள். "போய் சோலியப் பாரு" என்றேன். அவள் நிம்மதியாகத் திரும்பிக்கொண்டாள். நான் ஒரு துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டேன்.

பத்து மணி வாக்கில் என் வீட்டுக்காரர் அந்தத் தளவாய்புரத்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் அளக்கிற டேப். கூட ஒரு ஆள். உள்ளே வந்ததும் சுவரில் டேப்பை வைத்துவிட்டார்கள். மெஷின் நின்றது. ஒவ்வொருத்தியும் கையிலிருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு டேப்பைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மூத்தவளின் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. கோபுரத்தைப் பார்த்து இவள் பொய் சொல்லிவிட்டாளே என்பதைத் தவிர வேறெதையும் அவள் நினைத்திருக்க முடியாது.

அந்தச் செட் நிற்கிற இடம் என் அப்பா எனக்குக் கொடுத்தது. அதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். வெளியூர் ஆளுக்கு முன்னால், ஆட்களுக்கு முன்னால், கட்டினவரைத் தலைகுனிய வைக்க எனக்கு மனசு வரவில்லை. துணிக்கட்டைக் கீழே வைத்தேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டேன். அந்த மனிதருக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் கூப்பினேன்.

"இவ்வளவு தூரம் சிரமம் பார்க்காம வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க" என்றேன். மேடைத் தமிழில், தெளிவாக, செட்டுக்கே கேட்கும்படி.

அவரும் இந்தப் பக்கத்து ஆள்தானே. டேப்பைப் பிடித்திருந்த கை இறங்கியது. என்னைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். கடைசியாக என் வீட்டுக்காரரிடம், "அண்ணாச்சி, வீட்ல கலந்துக்கிடலையா?" என்று கேட்டார். இவர் தரையைப் பார்த்தார். அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "நல்லதும்மா, வாரேன்" என்று எனக்கொரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார். காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

முதலில் சிரித்தது சின்னவள். அப்புறம் எல்லாரும். மூத்தவள் மெஷினுக்குப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யக்கா, அப்ப நேத்து நீங்க சொன்னப்போ உங்களுக்கே..." என்று ஆரம்பித்தாள். "மெஷினப் போடுட்டி" என்றேன். போட்டாள்.

என் வீட்டுக்காரர் ஷட்டருக்கு அடியில், வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அந்த மனிதரின் வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்த வாக்கு போய்விட்டது, ஆட்களுக்கு முன்னால் மரியாதையும் போய்விட்டது. சண்டைக்கு வருவார் என்று தயாராகத்தான் பக்கத்தில் போனேன். இனி ஆர்டருக்கு நான் அலைகிறேன், நீங்கள் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தால் போதும் என்று சொல்ல நினைத்திருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். நேற்று 'அப்ப மூடலையா' என்று கேட்டபோது மூத்தவள் முகத்தில் இருந்த அதே பயம் அவர் கண்ணிலும் இருந்தது. எனக்குத் திக்கென்றது.

"எனக்கும் நன்றி சொல்லிருவியோ?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

நெஞ்சுக்குள் என்னென்னவோ முட்டியது, ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் இந்த மனுஷனிடம் என் உயிர் போனாலும் சொல்லக் கூடாது என்று தெரிந்தது.

"வெயில்ல நின்னுக்கிட்டு என்ன கேள்வி கேக்கீய? நேத்துச் சோத்துல கைய வச்சுட்டு எந்திரிச்ச ஆளு, இன்னும் ஒண்ணும் திங்கல. சக்கர ஒடம்ப வச்சுக்கிட்டு இப்படித்தான் பட்டினி கெடப்பாகளா? உள்ள வாங்க, ஒங்களுக்கு இன்னைக்கு இருக்கு" என்று போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார்.